ஆமியை விட்டு வந்தவர்களின் பத்திரங்கள்

கொழும்பில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் ஆட்களைச் சேர்ப்பது என் வேலை. வங்கி, சூப்பர் மார்க்கெட், அடுக்குமாடிக் குடியிருப்பு, துறைமுகத்துப் பக்கத்துக் களஞ்சியம் என்று எங்கே காவலுக்கு ஆள் கேட்டாலும் அந்த ஆளின் பைல் முதலில் என் மேசைக்குத்தான் வரும். போர் முடிந்து சில காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்களிடம் வேலை கேட்டு வருகிறவர்களில் பெரும் பங்கு முன்னாள் படையினர்தான்.

தமிழ்ப் பெண் ஒருத்தி ஆமிக்காரர்களின் டிஸ்சார்ஜ் பத்திரத்தை, அதாவது படையிலிருந்து விலகியதற்கான தாளை, சரிபார்ப்பது சிலருக்கு விசித்திரமாகப் படும். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற தலைமுறை நாங்கள். அந்தக் கதையை இங்கே நீட்டப் போவதில்லை. ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில் யாரும் பேசுவதில்லை என்பது மட்டும் உறுத்துகிறது. கொழும்பு கொம்பனித்தெரு மலே குடும்பங்கள், கிழக்கு மாகாண முஸ்லிம் பையன்கள், வன்னியில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள், வெளிநாட்டில் அந்த நாட்டுப் படையில் சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் என்று தமிழ் பேசுகிறவர்களிலும் படைக்குப் போய் வந்தவர்கள் உண்டு. அவர்கள் கேட்கத் தயங்குகிற கேள்விகளுக்கு நான் கண்டதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

ஒரு டிஸ்சார்ஜ் பத்திரத்தில் பெயர், படை எண், சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசிப் பதவி எல்லாம் இருக்கும். வேலை கொடுப்பவரின் கண் போகிற இடம் இரண்டுதான். ஒன்று, எந்தக் காரணத்துக்காக விலக்கப்பட்டார். மற்றது, நடத்தை எப்படி என்று எழுதியிருக்கிற சொல். ஆனையிறவில் நின்றாரா, எத்தனை தடவை காயப்பட்டார் என்பதெல்லாம் நேர்முகத் தேர்வில் கதையாக வரும். பைலில் நிற்பது அந்த இரண்டு வரிகள்.

நல்ல நிலைமையிலிருந்து தொடங்குகிறேன். இலங்கை இராணுவத்தில் சிப்பாய் ஒருவருக்கு மாதாந்தப் பென்சன் உறுதியாக வேண்டுமென்றால் 22 வருட சேவை வேண்டும். 20 வயதில் சேர்ந்தவர் 42இல் வெளியே வந்துவிடுவார். பிள்ளைகள் அப்போதுதான் சாதாரண தரம், உயர் தரம் என்று நிற்பார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாது. ஆகவே நேரே எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு வருகிறார். நிறுவனங்களும் அவரைக் கொத்திக்கொண்டு போகும். ஒழுக்கம், நேரம் தவறாமை என்று காரணம் சொல்வார்கள். பென்சன் வருகிற ஆள் குறைந்த சம்பளத்துக்கும் தலையாட்டுவார் என்பதும் ஒரு காரணம்தான். அதை எந்த முகாமையாளரும் விளம்பரத்தில் போட மாட்டார். ஜேஎஸ்ஓ என்கிற இளநிலைக் காவலராகச் சேர்ந்து சீக்கிரமே ஓஐசி என்கிற பொறுப்பாளர் ஆகிவிடுவார்கள்.

இப்படி வருகிறவர்களிடம் நான் ஒன்றை அடித்துச் சொல்வேன். "உங்களுக்குத்தான் பென்சன் இருக்கிறதே, ஈபிஎப் எதற்கு?" என்று கேட்கிற நிறுவனங்கள் ஊரில் உண்டு. அந்தப் பேச்சுக்குச் செவி கொடுக்காதீர்கள். பென்சன் எடுப்பவராக இருந்தாலும் தனியார் துறையில் வேலைக்குச் சேர்ந்தால் ஈபிஎப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஈடிஎப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டப்பட்டே ஆக வேண்டும். சம்பளப் பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். நம் ஆட்களுக்குச் சம்பளப் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

அடுத்தவர், ஒப்பந்தக் காலம் முடிந்து முறைப்படி விலகியவர். 12 வருடம் இருந்துவிட்டுப் போதும் என்று வந்திருப்பார். பத்திரம் சுத்தமாக இருக்கும், நடத்தையும் நன்றாக இருக்கும். வேலை கிடைப்பதில் பிரச்சினை இல்லை. அதிர்ச்சி வேறு இடத்திலிருந்து வரும். மாதாந்தப் பென்சன் இல்லை, படையில் இருந்த வருடங்களுக்கு ஈபிஎப்பும் இல்லை. அரச சேவைக்குப் பென்சன், தனியாருக்கு ஈபிஎப் என்பதுதான் இங்கே ஏற்பாடு. இடையில் இறங்கியவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். 32 வயதில், முதல் நாள் வேலைக்கு வந்த பையனைப் போல் பூச்சியத்திலிருந்து சேமிக்கத் தொடங்க வேண்டும். விலகுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம். விலகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்து விலகுங்கள் என்கிறேன்.

இனி என் மேசைக்கு அதிகம் வருகிற, ஆனால் பத்திரமே இல்லாமல் வருகிற கூட்டம். விடுமுறையில் வீட்டுக்குப் போய்த் திரும்பிப் போகாதவர்கள். ஊர்ப் பேச்சில் சொன்னால் பாய்ந்து வந்தவர்கள்.

மொனராகலைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். நல்ல உயரம், நிமிர்ந்த நடை; கதவைத் திறந்து உள்ளே வந்த விதத்திலேயே ஆமி என்று தெரிந்தது. விண்ணப்பத்தில் அந்த வருடங்களை வெறுமையாக விட்டிருந்தான். கேட்டதற்கு ஊரில் விவசாயம் என்றான். பாதணியைப் பார்த்தேன், பளபளவென்று மினுக்கியிருந்தது. விவசாயம் செய்தவன் அப்படி மினுக்க மாட்டான். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்ததும் கதை வெளியே வந்தது. போர்க்காலத்தில் ஆள் சேர்க்கும்போது சேர்ந்தவன். போர் முடிந்த அடுத்த வருடம் தகப்பனுக்குப் பாரிசவாதம். லீவு கேட்டான், கொடுத்தார்கள், நீட்டிக் கேட்டான், கிடைக்கவில்லை. திரும்பிப் போகவில்லை. போகாத முதல் வாரம் தகப்பனுக்காக. அடுத்த மாதங்கள் பயத்துக்காக. இப்படித்தான் பெரும்பாலான கதைகள் இருக்கும். துணிந்து ஓடிவந்தவன் குறைவு. நாளைக்குப் போகலாம் என்று நாளைத் தள்ளித் தள்ளி ஓடிப்போனவனாக ஆனவர்கள்தான் அதிகம்.

"மிஸ், பத்திரம் இல்லாமல் ஒரு பொயிண்டில் போட முடியாதா? இரவு ஷிப்ட் என்றாலும் பரவாயில்லை" என்றான்.

முடியாது. பாதுகாப்பு நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்து இயங்குபவை. தேடப்படுகிற படையாளை நாங்களே சீருடை போட்டு வங்கி வாசலில் நிறுத்தினால் பதிவுக்கே ஆபத்து. அவன் திரும்பிப் போய்க் கொழும்பில் எழும்பிக்கொண்டிருந்த மாடிக் கட்டடங்களில் கூலிக்கு நின்றான். சம்பளம் கையில், ஈபிஎப் இல்லை, விழுந்தால் நட்டஈடு இல்லை. பாஸ்மார் என்று சொல்கிற சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு இப்படியான ஆட்கள் என்றால் வாசி. காசு குறைத்தாலும் பொலிஸுக்குப் போக மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். தப்பி ஓடியவனுக்கு அரசாங்கம் கொடுக்கிற தண்டனையைவிட அந்தப் பாஸ்மார் கொடுத்த தண்டனைதான் நீளமானது என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இவர்களுக்கு இருக்கிற வாசல் பொது மன்னிப்புக் காலம். பாதுகாப்பு அமைச்சு அவ்வப்போது அறிவிக்கும். 2018இல் வந்தது, 2020இல் வந்தது, 2022 நவம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை ஒன்று, 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை இன்னொன்று. 2024இல் மட்டும் 15,000க்கும் அதிகமான இராணுவத்தினர் சட்டப்படி விலகிக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது, கொழும்பில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர்களிலும் பஸ்ஸில் நடத்துனராக நின்றவர்களிலும் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள் என்று விளங்கும்.

மன்னிப்புக் காலத்தில் போக வேண்டிய இடம் கொழும்பு அல்ல, அவரவர் ரெஜிமென்ட் நிலையம். சிங்க ரெஜிமென்ட் என்றால் அம்பேபுஸ்ஸ, கெமுனு வோட்ச் என்றால் குருவிட்ட, கஜபா என்றால் அநுராதபுரம் சாலியபுர. தேசிய அடையாள அட்டையும் படை எண்ணும் இருக்க வேண்டும். படைக்குக் கட்ட வேண்டிய கடன், திருப்பிக் கொடுக்காத பொருட்களின் பெறுமதி ஆகியவற்றைத் தீர்க்கச் சொல்வார்கள். கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொண்டு போவது நல்லது. கடைசி இரண்டு நாட்களுக்கு விடாதீர்கள், வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். காசு வாங்கிக்கொண்டு "உள்ளே பேசி முடித்துத் தருகிறேன்" என்கிற தரகரை அண்டவே அண்டாதீர்கள். அறிவிப்பு பத்திரிகைகளில் மூன்று மொழியிலும் வரும், தரகருக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொன்று: மன்னிப்பு என்பது வராமல் நின்ற குற்றத்துக்கு மட்டும். துப்பாக்கியோடு போனவருக்கும் வேறு வழக்கு இருப்பவருக்கும் அது பொருந்தாது.

மன்னிப்பு அறிவிக்காத காலத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். 2025 பெப்ரவரியில் இப்படியானவர்களைப் பிடிக்கும்படி பாதுகாப்புத் தரப்பிலிருந்து உத்தரவு போன பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. தானாகப் போய்ச் சரணடைந்தால் விசாரணை, தண்டனை எல்லாம் உண்டு. ஆனால் தானாக வந்தவரும் பிடிபட்டவரும் ஒன்றல்ல. போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிட்டுப் போங்கள். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் இராணுவ வழக்குப் பழகிய சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். தகப்பனின் வைத்தியசாலைக் கடிதம், மரணச் சான்றிதழ், வீடு இடிந்த படம் என்று நீங்கள் திரும்பாமல் நின்றதற்குக் காரணம் காட்டுகிற எந்தத் துண்டு இருந்தாலும் கொண்டு போங்கள்.

மொனராகலைப் பையன் 2018 மன்னிப்பில் குருவிட்டவுக்குப் போய்ப் பத்திரம் எடுத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தான். அவன் முகத்தில் இருந்த நிம்மதி எங்கள் முகாமையாளரின் முகத்தில் இல்லை. பொது மன்னிப்பில் விலகியவன் என்று பத்திரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "ஒருமுறை விட்டுவிட்டுப் போனவன் இங்கேயும் விட்டுவிட்டுப் போவான்" என்றார். எங்கள் வாடிக்கையாளர்களில் சில வங்கிகள் பென்சனோடு வந்தவர் மட்டும்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவார்கள். அங்கே அவனைப் போட முடியாது என்பதை நானும் ஒத்துக்கொண்டேன். கட்டட வேலையில் ஒரே பாஸிடம் எத்தனை வருடம் நின்றான் என்று மட்டும் கேட்டு, அந்தப் பாஸிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னேன். அந்தக் கடிதம்தான் காரியத்தை முடித்தது. களஞ்சியம் ஒன்றில் இரவு ஷிப்டில் சேர்ந்தவன் இப்போது எஸ்எஸ்ஓ, அதாவது மூத்த காவலர்.

இதிலிருந்து மற்றவர்களுக்கு நான் சொல்வது: மன்னிப்பில் விலகிய பத்திரம் கதவைத் திறக்கும், உள்ளே கூட்டிப் போகாது. அதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு தாள் வேண்டும். விலகிய பிறகு எங்கே ஒழுங்காக வேலை செய்தீர்கள் என்று யாராவது கையெழுத்துப் போட்ட தாள். விண்ணப்பத்தில் அந்த வருடங்களை மறைக்காதீர்கள். நாங்கள் ரெஜிமென்டுக்குக் கடிதம் எழுதிக் கேட்போம், எப்படியும் தெரியவரும். மறைத்ததற்காக நான் திருப்பி அனுப்பியவர்கள், ஓடிவந்ததற்காகத் திருப்பி அனுப்பியவர்களைவிட அதிகம். கணினியில் செய்த போலிப் பத்திரங்களும் வரும். அதைக் கொண்டு வருகிறவனைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டிய நிலை எங்களுக்கு. ஓடிவந்த குற்றத்தை மன்னிக்கிற அரசாங்கம் போலி ஆவணத்தை மன்னிக்காது.

இன்னொருவரை என்னால் மறக்க முடியவில்லை. கோப்ரல். 22 வருடத்துக்குச் சொற்ப காலம்தான் மிச்சம். மேலதிகாரியோடு லீவு விஷயத்தில் வாய்த்தர்க்கம், கோபத்தில் வீட்டுக்குப் போனவர் போனவர்தான். மன்னிப்பில் விலகினார். பென்சன் இல்லை. அவரோடு ஒரே நாளில் சேர்ந்தவர்கள் மாளிகாவத்தையில் ஓய்வூதியத் திணைக்களத்தில் கோப்பு முடித்துக்கொண்டு போகிறார்கள், இவர் 50 வயதுக்குக் கிட்ட வந்து ஜேஎஸ்ஓ வேலை கேட்கிறார். கோபம் வந்தால் முறைப்பாடு எழுதுங்கள், இடமாற்றம் கேளுங்கள், நோய் லீவு போடுங்கள். மிச்சக் காலத்தை எண்ணிப் பார்க்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். அவர் எங்களிடம் ஆறேழு மாதம் நின்றுவிட்டு வேறு இடம் போனார்.

தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் கதை வேறு மாதிரி. 2012 இறுதியில் கிளிநொச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களை இராணுவத்தில் சேர்த்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் சேர்ந்தவள்தான் இவள். வீட்டில் உழைக்க ஆள் இல்லை, சம்பளம் வரும் என்றார்கள், போனாள். ஊரில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். சில வருடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நின்றாள். எங்களிடம் எல்எஸ்ஓ என்கிற பெண் காவலர் வேலைக்கு விளம்பரம் பார்த்து வந்தாள். "அக்கா, நான் ஆமியில் இருந்தது எங்கட ஊரில் தெரிந்தால் ஒரு பிரச்சினை, நான் ஓடி வந்தது ஆமிக்குத் தெரிந்தால் இன்னொரு பிரச்சினை" என்றாள். இந்த இரட்டைப் பூட்டு சிங்களப் பையனுக்கு இல்லை. அவன் ஊரில் ஆமிக்குப் போனவன் என்றால் மரியாதை, பாய்ந்து வந்தாலும் அயலட்டை மூடி மறைக்கும்.

அவளுக்கும் வழி அதே மன்னிப்புத்தான். தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் ஒரு மன்னிப்புக் காலத்தை அவள் தவறவிட்டிருந்தாள். அடுத்தது வந்தபோது எங்கள் அலுவலகத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அவளோடு கூடப் போனார். கிராம உத்தியோகத்தருக்கு இதில் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஊருக்குத் தெரியாமலே முடிந்தது. தெரியுமோ தெரியாதோ என்ற பயத்திலேயே வருடங்களைப் போக்குகிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. போர் முடிந்த பிறகு புனர்வாழ்வு பெற்று வந்த 12,000 பேரளவிலான புலிகள் பக்கத்தவர்களும் ஒரு கடிதம் வைத்திருக்கிறார்கள். அதிலும் சேர்ந்த கதை இல்லை, வந்த கதைதான் இருக்கிறது. அந்தக் கடிதத்தோடு எங்களைப் போன்ற இடத்துக்கு வேலை கேட்டு யாரும் வருவதில்லை. வந்தாலும் என்ன பதில் கிடைக்கும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காயப்பட்டு வெளியே வந்தவர்களுக்கு வருகிறேன். கொம்பனித்தெருக்காரர், மலே குடும்பம். வீட்டில் மலே, தெருவில் தமிழ், படையில் சிங்களம். முகமாலைப் பக்கம் மிதிவெடியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். எங்கள் கட்டுப்பாட்டறையில் சீசீடிவி திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறார். என்னை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். காயப்படும்போது அவருக்கு 12 வருட சேவை ஆகியிருக்கவில்லை. அந்த 12 வருடக் கோடு பெரிய சண்டையான விஷயம். அதற்குக் குறைந்த சேவையோடு அங்கவீனமானவர்கள் தங்களுக்கும் பென்சன் வேண்டும் என்று 2016இல் கொழும்பு கோட்டையில் போராட்டம் நடத்தியது கொழும்பில் இருப்பவர்களுக்கு ஞாபகமிருக்கும். ஒரே கண்ணிவெடியில் இரண்டு பேர் காலை இழக்க, சேர்ந்த திகதியை வைத்து அவர்களுக்கு வேறு வேறு கணக்குப் போடுவதை எந்த நியாயத்தில் வைப்பது?

அவர் சொல்லித் தந்த ஒரு விஷயத்தை மற்றவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காயப்பட்டவர்களை மருத்துவ சபை பார்த்து, சேவைக்குத் தகுதியில்லை என்று முடிவு எழுதும். அந்தக் கோப்பு ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். வைத்தியசாலைக்கும் முகாமுக்கும் அலைந்து சலித்துப்போய், "எனக்கு விருப்பமில்லை, விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தார். காயம் அதே காயம்தான். பத்திரத்திலோ சொந்த விருப்பில் விலகியதாக விழுந்துவிட்டது. பிறகு எங்கே போனாலும் முதல் கேள்வி, "நீங்களாகத்தானே விலகினீர்கள்?" மருத்துவ சபையின் முடிவு கைக்கு வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். காயப்பட்ட அன்றைய வைத்தியசாலை டயக்னோசிஸ் கார்டை உயிரைப் போல் வைத்திருங்கள். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த ரணவிரு சேவா அதிகார சபையில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். படையினரின் குடும்பங்களுக்கான உதவிகள் பலவற்றுக்கு அங்கேதான் போக வேண்டும். மனைவிக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவின் மகன் அமெரிக்காவில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடிந்ததும் அங்கே இராணுவத்தில் சேர்ந்தான். பல்கலைக்கழகச் செலவை அவர்கள் கட்டுவார்கள் என்பதுதான் வீட்டில் சொன்ன காரணம். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். நேரத்துக்கு வராதது, மேலாளோடு முறைத்தது என்று சின்னச் சின்னக் குற்றங்கள் சேர்ந்து வந்தது. "சித்தி, நீங்கள் இந்த வேலைதானே பார்க்கிறீர்கள், இதைப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அங்கே அந்தப் பத்திரத்துக்கு டிடி 214 என்று பெயர். அவன் அனுப்பியது சுருக்கப் பிரதி, அதில் முக்கியமான பகுதியே இல்லை. முழுப் பிரதியில்தான் எந்தத் தரத்தில் விலக்கப்பட்டார், என்ன காரணம், திரும்பச் சேர்க்கலாமா என்ற குறியீடு எல்லாம் இருக்கும். வேலை கொடுப்பவர்கள் கேட்பதும் அதைத்தான்.

அங்கே தரம் ஐந்து. ஹொனரபிள், ஜெனரல், அதர் தேன் ஹொனரபிள், பேட் கொண்டக்ட், டிஸ்ஹொனரபிள். கடைசி இரண்டும் இராணுவ நீதிமன்றம் கொடுக்கிற தண்டனை, மற்றவை நிர்வாக முடிவு. இவனுக்குக் கிடைத்தது ஜெனரல். பெயரைக் கேட்டால் சாதாரணமாக எல்லாருக்கும் கொடுப்பது போல் இருக்கும். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். அந்தத் தரத்தில் வைத்தியம், காயத்துக்கான கொடுப்பனவு, வீட்டுக் கடன் உதவி ஆகியவற்றுக்குப் பொதுவாக வழி இருக்கிறது. அரச வேலையில் முன்னாள் படையினருக்கான முன்னுரிமையும் போகாது. எதற்காகச் சேர்ந்தானோ அந்தப் படிப்புச் செலவுத் திட்டம் மட்டும் போய்விட்டது. ஜீஐ பில் என்கிற அதற்கு ஹொனரபிள் வேண்டும். அக்கா தொலைபேசியில் அழுதது அந்த ஒன்றுக்காகத்தான்.

படையில் யாரோ அவனிடம் ஆறு மாதத்தில் தரம் தானாக உயர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே பரவலாக ஓடுகிற பொய் அது. எதுவும் தானாக மாறாது. விலகிய 15 வருடத்துக்குள் டிஸ்சார்ஜ் ரிவியூ போர்ட்டுக்கு டிடி 293 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தாண்டினால் பதிவுகளைத் திருத்துகிற வேறு சபை. முன்னாள் படையினர் சங்கங்கள் இந்த விண்ணப்பத்தை இலவசமாகச் செய்து கொடுக்கின்றன. மனஅழுத்தம், தலையில் பட்ட அடி போன்றவற்றால் நடத்தை கெட்டதென்று வைத்தியச் சான்றோடு காட்ட முடிந்தால் அதைச் சபை கவனத்தில் எடுக்க வேண்டும் என்ற அறிவுறுத்தலும் இருக்கிறது. அவன் கதையில் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, உண்டு என்றான். அப்படியென்றால் முதலில் வைத்தியரைப் பார், படிவம் அப்புறம் என்றேன்.

அங்கே தரம் ஐந்தாகப் பிரிந்து ஆளைத் துரத்துகிறது, ஆனால் முறையிட ஒரு வாசல் எந்த நாளும் திறந்திருக்கிறது. இங்கே வாசல் அரசாங்கம் நினைத்தபோது சில வாரம் திறந்து மூடுகிறது. எனக்கு முதலாவதுதான் மேல் என்று படுகிறது, அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். அமெரிக்க, கனேடிய விசா விண்ணப்பங்களில் படையில் இருந்தீர்களா என்ற கேள்வி நேரடியாக இருக்கிறது. இருந்திருந்தால் ஆம் என்று போட்டு, பத்திரத்தில் இருக்கிற திகதிகளையே எழுதுங்கள். மன்னிப்பில் விலகியவருக்குப் படையை விட்ட நாள் ஒன்று, பத்திரத்தின்படி விலக்கிய நாள் வேறு. இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்று விளக்கக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். சிங்களத்தில் இருக்கிற பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். வெளிநாட்டு வேலைக்கு அத்தாட்சி கேட்டால் பத்தரமுல்லை சுஹுருபாயவில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு இருக்கிறது. அடுத்தது, முன்னாள் படையினருக்கு வெளிநாட்டில் பெரிய சம்பளம் என்று வருகிற முகவர்கள். சமையல் வேலை, உதவியாள் வேலை என்று ரஷ்யாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் உக்ரைன் போர்முனையில் விட்டதும், போனவர்களில் பலர் அங்கேயே இறந்ததும் 2024இல் ஊரறிந்த செய்தி. அதற்குப் போனவர்களில் பென்சன்காரர்களும் இருந்தார்கள், கடன் அவர்களையும் விடவில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவரின் அனுமதி இலக்கத்தைக் கேட்டுப் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தால் போதும் என்று இருக்கிறார்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது எங்கள் ஆட்கள் சிலரின் பத்திரம் அலுமாரியோடு போனது. பொலிஸில் முறைப்பாடு போட்டு, அந்தப் பிரதியோடு ரெஜிமென்டுக்கு எழுதித் திரும்ப எடுக்க அவர்களுக்கு நெடுநாள் பிடித்தது. பத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், ஒரு பிரதியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். படை எண்ணை வீட்டில் இன்னொருவர் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. மற்றதெல்லாம் அந்த எண்ணை வைத்துத் தேடி எடுக்கலாம்.